தைம் வாடும் தாழ்வாரத்தில் கற்பூரவல்லி தழைப்பது ஏன்?

ஜாலான் புசாரிலிருந்து ரோவல் சாலை வழியாக லிட்டில் இந்தியாவுக்கு நடக்கும்போது ஒருமுறை வீவக புளோக்குகளின் தாழ்வாரங்களை அண்ணாந்து பாருங்கள். கறிவேப்பிலை தெரியும், துளசி தெரியும், பாண்டான், கற்றாழை தெரியும். எங்காவது ஒரு தொட்டியில் தடித்த, மெத்தென்ற இலைகளோடு கற்பூரவல்லி வழிந்துகொண்டிருக்கும். ஆனால் தைம் செடியைப் பார்ப்பது அரிது. யாரும் வாங்குவதில்லை என்பதல்ல காரணம். பேரங்காடியின் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் சிறு தொட்டிகளில் விற்கிறார்கள். கோழி வறுவலுக்கும் சூப்புக்கும் ஆகுமே என்று பலரும் வாங்குகிறார்கள். இரண்டு, மூன்று வாரங்களில் அடியிலிருந்து பழுப்பாகி, குச்சி குச்சியாக நின்றுவிடுகிறது.

“எனக்குக் கைராசி இல்லை சார்” என்றாள் ஒரு மாணவி. கைராசியை அளக்க நம் அறிவியல் கூடத்தில் கருவி இல்லை. வெப்பம், ஈரப்பதம், வெளிச்சம், மண்ணில் உள்ள காற்று ஆகியவற்றை அளக்கலாம். அளந்து பார்த்தால், அவள் கையில் எந்தக் குறையும் இல்லை என்பது தெரியும்.

தைம் எங்கிருந்து வந்தது என்பதில் தொடங்குவோம். அது ஸ்பெயின், தென் பிரான்ஸ், இத்தாலி என மேற்கு மத்தியதரைக் கடலோரத்துச் செடி. துளசி, புதினா, கற்பூரவல்லி எல்லாம் சேர்ந்த அதே குடும்பம்தான். ஆனால் அது பிறந்த இடம் பாறையும் சுண்ணாம்பும் கலந்த சரிவு. கோடையில் மாதக்கணக்கில் மழை இருக்காது. காற்று உலர்ந்திருக்கும். இரவில் குளிரும். அந்த வாழ்க்கைக்கு ஏற்றபடி தைமின் இலை அரிசி மணி அளவுக்குச் சுருங்கி, ஓரங்கள் உள்பக்கம் மடிந்து, அடியில் நுண்ணிய ரோமங்களோடு இருக்கிறது. நீரை இழக்காமல் சேமிப்பதற்கான உடலமைப்பு அது.

(சுண்ணாம்பு என்றதும் ஒன்று சொல்லிவிட வேண்டும். நம் முன்னோர் லிட்டில் இந்தியா வட்டாரத்தைச் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றுதான் அழைத்தார்கள். அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. மண் சுண்ணாம்பு மண் என்பதால் வந்த பெயர் அல்ல. ஆகவே பெயரை நம்பித் தைமை நட வேண்டாம்.)

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். சிங்கப்பூரில் பகலில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ். இரவில் பெரும்பாலும் 24, 25க்குக் கீழே இறங்குவதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். இந்த ஈரப்பதத்தைச் சும்மா ஓர் எண்ணாக விட்டுவிடாமல் ஒரு கணக்குப் போடுவோம்.

30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாகச் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், அதில் ஏற்கெனவே 24 கிராம் இருக்கிறது. மிச்ச இடம் 6 கிராம்தான். அதே வெப்பநிலையில் ஈரப்பதம் 40 விழுக்காடாக உள்ள ஒரு மத்தியதரைக் கோடைப் பகலில் 12 கிராம் மட்டுமே இருக்கும். மிச்ச இடம் 18 கிராம். அதாவது அங்கே இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் நீரை இழுத்துக்கொள்ளக் காற்றுக்கு மூன்று மடங்கு இடம் இருக்கிறது. காற்றின் ‘தாகம்’ மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாகம் குறைவு என்றால் செடிக்கு நல்லதுதானே, நீர் மிச்சமாகுமே என்று நீங்கள் கேட்கலாம். சிக்கல் இலையில் இல்லை, தொட்டியில் இருக்கிறது. இலைத்துளைகள் வழியாக நீராவி வெளியேறும்போதுதான் வேர் மண்ணிலிருந்து நீரை மேலே இழுக்கிறது. நீராவிப்போக்கு மந்தமானால் தொட்டி மண் காயவே காயாது. காயாத மண்ணின் இடைவெளிகளில் காற்றுக்குப் பதில் நீர் நிற்கும். வேருக்கும் உயிர் உண்டு, அதுவும் சுவாசிக்கிறது, அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். ஆனால் ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. நீர் நிறைந்த மண்ணில் வேர் மூச்சுத் திணறும். திணறும் வேரைத் தேடி வேரழுகல் நோய்க் கிருமிகள் வரும். வேர் அழுகிய பிறகு மேலே உள்ள இலைக்கு நீர் போகாது, இலை வாடும். வாடியதைப் பார்த்ததும் நாம் என்ன செய்கிறோம்? இன்னும் ஒரு குவளை நீர் ஊற்றுகிறோம்! தைம் தொட்டிகள் பலவற்றின் கதை இப்படித்தான் முடிகிறது.

இரவுச் சூடும் சேர்ந்துகொள்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கையால் செய்த சர்க்கரையைச் செடி இரவில் சுவாசித்துச் செலவழிக்கிறது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் இந்தச் செலவு ஏறத்தாழ இரு மடங்காகும். 15 டிகிரி இரவுக்குப் பழகிய செடியை 25 டிகிரி இரவில் வைத்தால் வரவு அதேதான், செலவு இரு மடங்கு. அதனால்தான் தமிழ்நாட்டில் தைம் சமவெளியில் அல்லாமல், கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே உள்ள நீலகிரி மலையில் பயிராகிறது. நமக்கோ புக்கிட் தீமாவின் உச்சியே 163 மீட்டர்தான். உலர்ந்த, குளிர்ந்த மத்தியதரைச் சூழல் எப்படி இருக்கும் என்று உடலால் உணர விரும்பினால், கரையோரப் பூந்தோட்டத்தின் ஃபிளவர் டோமுக்குள் போய் நில்லுங்கள். வெளியே வந்ததும் கண்ணாடியில் படியும் ஆவியைத் துடைத்துக்கொண்டே யோசியுங்கள். தாழ்வாரத்துத் தைம் எதை எதிர்கொள்கிறது என்று புரிந்துவிடும்.

ஒரே மணம், வேறு வேறு செடி

ஒரு கற்பூரவல்லி இலையைக் கசக்கி முகருங்கள். பிறகு அஞ்சறைப் பெட்டியிலிருந்து கொஞ்சம் ஓமத்தை உள்ளங்கையில் தேய்த்து முகருங்கள். முடிந்தால் காய்ந்த தைமையும் முகருங்கள். மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல மணக்கும். ஆனால் ஓமம் இந்தக் குடும்பமே அல்ல. அது கொத்தமல்லி, சீரகத்தின் உறவு. கற்பூரவல்லிக்கு ‘ஓமவல்லி’ என்று இன்னொரு பெயர் வைத்த நம் பாட்டிமார்களுக்கு வேதியியல் தெரியாது, மூக்கு தெரிந்திருந்தது.

மணத்துக்குக் காரணம் இரண்டு சேர்மங்கள்: தைமால், கார்வக்ரால். இரண்டிலும் 10 கார்பன், 14 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே, அமைப்பு மட்டும் வேறு. இப்படிப்பட்டவற்றை மாற்றியங்கள் என்கிறோம். வகுப்பில் ஐசோமர் என்று படிப்பீர்கள். ஆறு கார்பன்கள் கொண்ட ஓர் அறுகோண வளையத்தைத் தாளில் வரையுங்கள். உச்சி மூலையில் மெதில் என்ற சிறிய கொத்து. நேர் எதிரே, கீழ் மூலையில் ஐசோபுரோப்பைல் என்ற சற்றுப் பெரிய கொத்து. இப்போது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் கொத்தை எங்கே உட்கார வைப்பது? பெரியவர் பக்கத்தில் வைத்தால் தைமால். சிறியவர் பக்கத்தில் வைத்தால் கார்வக்ரால். அவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள்: தூய தைமால் அறை வெப்பத்தில் வெண்படிகம், ஏறத்தாழ 50 டிகிரியில்தான் உருகும். தூய கார்வக்ராலோ அறை வெப்பத்தில் எண்ணெய் போன்ற திரவம்.

ஓமத்தில் தைமால் ஓங்கி நிற்கும். கற்பூரவல்லியில் செடிக்குச் செடி மாறும்; சிலவற்றில் கார்வக்ரால் மிகுதி, சிலவற்றில் தைமால். இந்த எண்ணெய் இலை முழுக்கப் பரவிக் கிடப்பதில்லை. இலைப்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பித் தூவிகளுக்குள், சின்னச் சின்னப் பைகளில் இருக்கிறது. அதனால்தான் தொடாமல் நின்றால் மணம் குறைவு, கசக்கினால் வீசுகிறது. தைவானில் இந்தச் செடிக்கு ‘கைக்கு எட்டியதும் மணப்பது’ என்ற பொருளில் ஒரு சீனப் பெயர் உண்டு. எவ்வளவு சரியான கவனிப்பு!

செடி இதைச் செய்வது நம் ரசத்துக்காக அல்ல. இலையைத் தின்ன வரும் பூச்சிக்கும் பிராணிக்கும் எதிரான காவல் அது. அந்தக் காவலுக்கும் ஒரு விலை உண்டு. தென் பிரான்சின் மொன்பெலியே நகருக்கு வடக்கே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே காட்டுத் தைம் செடிகளில் சில தைமாலும் கார்வக்ராலும் செய்யும். சில வேறு மணப்பொருள்களைச் செய்யும். குளிர்காலத் தொடக்கத்தில் கடும் உறைபனி தேங்கும் பள்ளத்தின் அடியில் தைமால் வகைகள் நிலைக்க முடியவில்லை. மற்ற வகைகளே இருந்தன. 1970களில் கணக்கெடுத்த இடங்களை ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்குப் பிறகு ஆய்வாளர்கள் மறுபடி பார்த்தபோது, முன்பு இல்லாத இடங்களிலும் தைமால், கார்வக்ரால் வகைகள் நுழைந்திருந்தன. இடைப்பட்ட காலத்தில் அந்தக் கடும் உறைபனி குறைந்திருந்தது. பருவநிலை மாற்றத்தை ஒரு செடியின் மணத்தில் முகர்ந்து பார்க்க முடிகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான்.

தைமாலுக்கு நம்மோடு தொடர்புடைய பழைய கதையும் உண்டு. முதல் உலகப் போருக்கு முன் இந்தியாவிலிருந்து ஓமம் ஜெர்மனிக்குக் கப்பலேறியது. அங்கே அதிலிருந்து தைமால் பிரித்தெடுக்கப்பட்டது. அக்காலத்தில் கொக்கிப்புழுவை வெளியேற்றத் தைமாலை மருந்தாகக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது எண்ணெயும் மதுவும் சேரக்கூடாது என்று எச்சரித்தார்கள். அவை சேர்ந்தால் உடல் தைமாலை அதிகமாக உறிஞ்சி, மருந்தே நஞ்சாகிவிடும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இருமலுக்குக் கற்பூரவல்லிச் சாறு கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஆய்வுக்கூடத் தட்டில் இந்தச் சேர்மங்கள் பாக்டீரியாவின் உறையைச் சிதைக்கின்றன என்பது உண்மை. தட்டில் நடப்பது தொண்டையிலும் நடக்கும் என்பதற்கு அது சான்றாகாது. பஜ்ஜியிலும் ரசத்திலும் இரண்டு இலை போடுவது வேறு. கடையில் விற்கும் செறிவான எண்ணெயைக் குடிப்பது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள். தம்பி தங்கைக்கு இருமல் நிற்கவில்லை என்றால் மருந்தகத்துக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

கற்பூரவல்லி மட்டும் நம் தாழ்வாரத்தில் எப்படித் தழைக்கிறது? அது ஆப்பிரிக்காவின் கிழக்கு, தென்கிழக்குப் பகுதிகள், அரேபியா, இந்தியா என வெப்ப நாடுகளின் செடி. அதன் அறிவியல் பெயரில் இந்தோனேசியாவின் அம்போன் தீவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றாலும், அது அங்கே பிறந்ததல்ல. சூடான இரவு அதற்குப் புதிதல்ல. தடித்த இலையில் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்வதால் நாம் நான்கு நாள் மறந்தாலும் தாங்கும். ஆனால் ஒன்று: தேங்கிய நீரில் அதன் வேரும் அழுகும். அதற்கு நாம் செய்ய வேண்டியது குறைவு என்பதே வேறுபாடு.

தைமைத்தான் வளர்ப்பேன் என்கிறீர்களா?

நல்லது. முயன்று பார்க்கலாம். முதலில் வெளிச்சம். தைமுக்கு நாள்தோறும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். உச்சி வெயிலில் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்குப் போகும். வீட்டுக் கூடத்தில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அந்தப் பெரிய வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை.

உங்கள் தாழ்வாரம் எந்தத் திசையைப் பார்க்கிறது? சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்றே கால் பாகை அளவில்தான் இருக்கிறது. அதனால் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் ஜூன் மாதம் வெயிலில் குளித்த செடி, டிசம்பரில் முழு நிழலில் இருக்கும். ‘நன்றாகத்தானே இருந்தது, திடீரென்று என்ன ஆனது?’ என்ற கேள்விக்குப் பல நேரங்களில் இதுவே பதில். கிழக்குப் பார்த்த தாழ்வாரம் பாக்கியம் செய்தது. காலை வெயில் ஆண்டு முழுவதும் வரும். இன்னொன்று, நம் கடிகாரப்படி நண்பகல் 12 மணிக்கு அல்ல, ஏறத்தாழ 1 மணிக்குத்தான் சூரியன் உச்சிக்கு வருகிறது. நிழலை அளப்பவர்கள் நினைவில் வையுங்கள்.

அடுத்தது தொட்டி. அடியில் கல் போட்டால் நீர் நன்றாக வடியும் என்று எல்லாரும் சொல்வார்கள். எல்லாரும் சொல்வது தவறு. பாத்திரம் தேய்க்கும் பஞ்சு ஒன்றை எடுத்து நீரில் நன்றாக ஊற வையுங்கள். அதைத் தட்டையாக, கிடைமட்டமாகத் தூக்கிப் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். இப்போது அதை நீள்பக்கம் கீழே வரும்படி திருப்புங்கள். மறுபடி சொட்டும்! நின்றதும், குறுகிய பக்கம் கீழே வரும்படி நிமிர்த்துங்கள். இன்னும் சொட்டும். பஞ்சு அதேதான், நுண்துளைகளும் அதேதான். நுண்புழை ஈர்ப்பால் அந்தத் துளைகள் தாங்கக்கூடிய நீரின் உயரம் மாறுவதில்லை. பஞ்சின் உயரம் கூடும்போது அந்த ஈரப் பகுதி மொத்தத்தில் சிறு பங்காகிவிடுகிறது, மீதி வடிகிறது.

தொட்டி மண்ணும் இந்தப் பஞ்சு மாதிரிதான். எவ்வளவு வடிந்தாலும் அடியில் சில விரற்கடை உயரத்துக்கு நீர் நிறைந்த அடுக்கு ஒன்று நிற்கும். அடியில் கல் போட்டால் அந்த அடுக்கு மறையாது. கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஏனென்றால் மண்ணின் சிறு துளையிலிருந்து கல்லின் பெரிய இடைவெளிக்கு நீர் எளிதில் இறங்காது. ஈரம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது என்றுதான் பொருள். ஆகவே கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, அகலம் குறைந்த, உயரம் கூடிய மண் தொட்டியை எடுங்கள். மண் தொட்டியின் சுவர் வழியாகவும் கொஞ்சம் நீர் ஆவியாகும். பைகளில் வரும் நாற்று மண்ணோடு சம அளவு பெர்லைட் அல்லது பருமணல் கலந்துவிடுங்கள். துளை பெரிதானால் தேங்கும் அடுக்கின் உயரம் குறையும்.

நீர் ஊற்றுவதற்கு நேரம் குறிக்காதீர்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் விட்டுவிடுங்கள், லேசாகிவிட்டால் முழுக்க நனையும்படி ஊற்றுங்கள். அடித்தட்டில் வழிந்த நீரை உடனே கொட்டுங்கள். இது தைமுக்கு மட்டும் அல்ல. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஒரு வாரம் போதும். தேசியச் சுற்றுப்புற வாரியம் டெங்கித் தடுப்பில் தொட்டித் தட்டைக் காலி செய்யச் சொல்வதோடு, இறுகிய மண்ணைக் கிளறிவிடவும் சொல்கிறது. இறுகிய மண்ணில் நீர் உள்ளே இறங்காமல் மேலே குளம் கட்டும். கொசுவுக்கு அது போதும். வேரை மூச்சுத் திணறச் செய்வதும் கொசுவை வளர்ப்பதும் ஒரே தேங்கிய நீர்தான்.

தொட்டியைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைக்க வேண்டாம். கீழே ஆள் நடக்கிறார். தாழ்வாரத்தில் நடக்க 1.2 மீட்டர் இடம் விட்டிருக்க வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. பக்கத்து வீட்டுத் தாத்தாவின் சக்கர நாற்காலியை நினைத்துக்கொண்டால் விதி நினைவில் நிற்கும்.

விதையிலிருந்து தொடங்குவதைவிட நாற்று வாங்குவது நல்லது. பேரங்காடித் தொட்டியில் பெரும்பாலும் பல நாற்றுகள் நெருக்கியடித்து நிற்கும். இரண்டு, மூன்றாகப் பிரித்து நடுங்கள். பறிக்கும்போது மேலே உள்ள இளந்தண்டை மட்டும் வெட்டுங்கள். மரமாகிப்போன அடித்தண்டு வரை வெட்டினால் மறுபடி துளிர்ப்பது கடினம். இத்தனையும் செய்தும் சில மாதங்களில் அது போய்விடலாம். மத்தியதரையில் பல ஆண்டுகள் நிற்கும் செடி இங்கே ஒரு பருவச் செடி என்று வைத்துக்கொள்வதே என் கருத்து.

அறிவியல் திட்டப்பணிக்கு யோசனை தேடுபவர்களுக்கு ஒன்று. ஒரே அளவுள்ள மூன்று தொட்டிகள், ஒரே மண், ஒரே இடம். ஒன்றில் தைம், ஒன்றில் கற்பூரவல்லி, ஒன்று வெறும் மண். மூன்றுக்கும் நீர் ஊற்றி வடிய விட்டு, சமையலறைத் தராசில் ஒரு வாரம் நாள்தோறும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். வெறும் மண் இழக்கும் எடையைக் கழித்தால் செடி இழுத்த நீர் ஏறத்தாழத் தெரியும். கூடவே அன்றைய ஈரப்பதத்தையும் குறித்து வையுங்கள். மழை நாளில் எடை எவ்வளவு மெதுவாகக் குறைகிறது என்று பார்த்தால், மேலே போட்ட 6 கிராம், 18 கிராம் கணக்கு வெறும் கணக்காகத் தோன்றாது.

கற்பூரவல்லி வேண்டுமென்றால் கடைக்குப் போக வேண்டியதில்லை; தாழ்வாரத்தில் யாரிடமாவது கேளுங்கள். பத்து சென்டிமீட்டர் தண்டு ஒன்றை ஒடித்து, அடி இலைகளைக் கிள்ளி, ஈர மண்ணில் செருகி நிழலில் வையுங்கள். ஓரிரு வாரத்தில் வேர் பிடிக்கும். நம்மைப் போலவே வெப்பமும் ஈரமும் நிறைந்த டிரினிடாட் தீவில் இதற்கு ‘ஸ்பானியத் தைம்’ என்று ஒரு பெயர். அங்கே இதையும் மெல்லிலைத் தைமையும் வெங்காயத்தாள், பூண்டோடு அரைத்து இறைச்சியில் தடவுகிறார்கள். ஆகவே சமையல் குறிப்பில் ஒரு தேக்கரண்டி தைம் என்று இருந்தால், ஒரு நடுத்தரக் கற்பூரவல்லி இலையைப் பொடியாக நறுக்கிப் போட்டுப் பாருங்கள். முதல் முறை பாதி இலை போதும். அதன் மணம் கொஞ்சம் ஓங்கியது.